மூன்றாவது கட்டம்

காந்தி ரோட்டுக் கடையில் மூவாயிரத்து இருநூறுக்கு
கீறல் விழுந்த கையடக்க விளையாட்டுப் பெட்டி.
உள்ளே கழற்ற வராமல் சிக்கிய ஒரே ஒரு கேம்.
"எழுத்தெல்லாம் ஜப்பான், பரவால்லியா?" என்றான் கடைக்காரன்.
சத்துவாச்சாரியில் இரவு பதினொன்றுக்கும்
சுவர் அனல் கக்கும் மாடி அறையில்
எனக்கும் குணாளனுக்கும் வேறென்ன வேலை.

முதல் வாரம் கொன்றோம்.
பூதம், நரி, குடை பிடித்த தவளை.
எதைக் கொன்றும் எதுவும் ஏறவில்லை.
காசு இல்லை, புள்ளி இல்லை.
வென்றதும் வரும் இசைகூட
சாவு வீட்டில் அடித்த கைபேசி மாதிரி
பாதியில் வாயை மூடிக்கொண்டது.

எட்டாம் நாள் ஷிஃப்ட் முடிந்த அலுப்பில்
பெட்டியை மார்பில் வைத்தபடி தூங்கிப்போனான் குணாளன்.
இரவெல்லாம் தவளை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.
விடிந்து பார்த்தால்
திரையின் கீழே, மூன்றாவது கட்டத்தில்,
பதினேழாக இருந்த எண் இருபத்தொன்று.

அடி வாங்கினால் ஏறுகிறது!

ராணிப்பேட்டை ஷூ கம்பெனி அளவுச்சீட்டின் பின்பக்கம்
விதிகளை எழுதத் தொடங்கினோம்.
தவளையிடம் வாங்கினால் அரை.
நம் ஆளே நம் ஆளை அடித்தால் ஒன்று.
தடுத்தால் ஒன்றுமில்லை.
ஓடினால் குறையாது, ஆனால் அடுத்து வரும் பூதம்
ஓடியவனின் செருப்பைப் போட்டுக்கொண்டு வரும்.
இதை யோசித்தவன் எந்த ஊரில் இருந்தாலும்
அவன் கையைக் குலுக்க வேண்டும்.

பிறகு மூன்று மாதம்
எதிரியே இல்லாத வெளியில்
வில்காரியை ஈட்டிக்காரன் குத்தினான்,
ஈட்டிக்காரனை வைத்தியன் தடியால் சாத்தினான்,
சாத்திய கையாலேயே மருந்து தடவினான்.
மறுபடி முதலிலிருந்து.
முப்பது. நாற்பத்திரண்டு. ஐம்பத்தைந்து.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றபோதும்
மேல்விஷாரத்தில் பிரியாணிப் பொட்டலத்துக்குக் காத்தபோதும்
கட்டைவிரல் தானாக அடித்தது.
பகலில் ஒரு ஜோடிக்கு நூற்றிப்பத்துத் தையல்,
இரவில் ஒரு எண்ணுக்கு நாற்பது அடி.
அறுபதைத் தொட்ட அன்று
பரோட்டா வாங்கிக் கொண்டாடினோம்.

ஈட்டிக்காரன் மெதுவாக நடக்கிறானே என்றேன்.
பலம் கூடினா கனம் கூடும்டா என்றான் குணாளன்.
வில்காரிக்குத் தலை வெளுத்தது.
பட்டம் கட்டியிருக்காங்க, கிரீடம் என்றேன் நான்.

ஷப்னம், எங்கள் லைனில் தரம் பார்ப்பவள்,
சென்னை போய் ஜப்பானிய மொழித் தேர்வு எழுதி வந்தவள்,
மதியச் சாப்பாட்டில் பெட்டியை வாங்கினாள்.
மூன்றாவது கட்டத்தைப் பார்த்தாள்.
வாயில் இருந்த சோற்றை மென்று முடித்துவிட்டு,
"இது பலம் இல்ல. வயசு" என்றாள்.

முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறதாம்:
அடிபட்டவர் மூப்பர். கொன்றவர் அப்படியே இருப்பர்.
அந்தப் பக்கத்தைத்தான்
முதல் நாளே ஆறு முறை தட்டித் தாண்டியிருந்தோம்.

அழிச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம் என்றேன்.
"மூணு மாசம்டா" என்றான் குணாளன்.
அதற்குமேல் அவன் பேசவில்லை,
நானும் பேசவில்லை.

ஆகவே கிழவர்களை நடத்திக்கொண்டு போனோம்.
எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, எழுபத்துநான்கு.
ஒரு காட்டைக் கடக்க இரண்டு ஞாயிறு.
பூதங்கள் வந்தன, பார்த்தன,
வழிவிட்டு நின்றன.
நரி ஒன்று வைத்தியனின் மூட்டையைத் தூக்கி வந்தது.
மரியாதையா, பழிப்பா என்று
எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

நேற்றிரவு மலைவாசலில் மழை.
பழைய தவளை எதிரே வந்து
குடையை நீட்டி அவர்கள் தலைக்குமேல் பிடித்தது.
கட்டளைப் பெட்டி திறந்தது.
அடி, ஓடு என்ற இரண்டு வரிகளை மட்டுமே
இத்தனை நாள் பார்த்திருந்தோம்.
இப்போது மூன்றாவதாக ஒரு வரி.
ஐந்து எழுத்து.

ஷப்னம் போன் எடுக்கவில்லை, அக்காவுக்கு நிக்காஹ்.
தெருவில் கரண்ட் இல்லை.
சார்ஜ் ஒன்பது சதவீதம்.
குணாளன் கட்டைவிரலை எடுத்து லுங்கியில் துடைத்துவிட்டு
அளவுச்சீட்டில் மிச்சமிருந்த மூலையில்
முதல் எழுத்தை வரைய ஆரம்பித்தான்.
ஒரு கோடு மேலே, ஒன்று குறுக்கே.
திரையைப் பார்க்கிறான், தாளைப் பார்க்கிறான்.

எட்டு சதவீதம்.

தவளை குடையை இன்னும் மடக்கவில்லை.